முதலில் மணிகளை எண்ணு

தங்கச்சி, ஒரு பழைய பாமாலை மெட்டை உங்கள் சர்ச் ஹேண்ட்பெல் குழுவுக்கு அரேஞ்ச் செய்து தரும் வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். ரொம்ப சந்தோஷம். பாட்டுப் புத்தகத்தைப் பிறகு திறக்கலாம். முதலில் மணிப் பெட்டியைத் திற. மொத்தம் எத்தனை மணி, எந்தச் சுரத்தில் தொடங்கி எதில் முடிகிறது, வாரம் தவறாமல் ஒத்திகைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், இந்த மூன்றும் தெரியாமல் ஒரு வரிகூட எழுதாதே. பியானோவுக்கு எழுதுகிறவருக்கு 88 கட்டையும் பத்து விரலும் எப்போதும் தயாராக இருக்கும். நமக்கு அப்படி இல்லை. ஒரு சுரம் என்றால் ஒருவருடைய ஒரு கை. அந்தக் கை அந்த நேரத்தில் வேறொரு மணியைப் பிடித்திருந்தால் நீ எழுதிய சுரம் தாளிலேயே நின்றுவிடும்.

இரண்டு ஆக்டேவ் செட் என்றால் ஜி4 முதல் ஜி6 வரை 25 மணி. மூன்று ஆக்டேவ் என்றால் சி4 முதல் சி7 வரை 37. நான்கு ஆக்டேவில் 49, ஐந்தில் 61. இந்த எண்களைப் பார்த்துக் குழம்பிவிடாதே. ஹேண்ட்பெல் இசை, தாளில் இருப்பதைவிட ஒரு ஆக்டேவ் மேலே ஒலிக்கும். பியானோவில் மிடில் சி எழுதும் இடத்தில் நீ எழுதுவதைத்தான் மணிக்காரர்கள் சி5 என்கிறார்கள். அதனால் எழுதியதைக் கீபோர்டில் சரிபார்க்கும்போது ஒரு ஆக்டேவ் ஏற்றி வாசி. இல்லாவிட்டால் கீபோர்டில் கம்பீரமாக இருந்த இடம் மணியில் மெலிந்து கேட்கும். இது எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பாய்.

மூன்று ஆக்டேவ் குழுவில் வழக்கமாக 11 ரிங்கர்கள். ஷார்ப், ஃப்ளாட்டை விட்டுவிட்டால் சி4 முதல் சி7 வரை 22 சுரம், ஆளுக்கு இரண்டு. சி4–டி4 ஒருவர், இ4–எஃப்4 அடுத்தவர், பிறகு ஜி4–ஏ4, பி4–சி5, டி5–இ5, எஃப்5–ஜி5, ஏ5–பி5, சி6–டி6, இ6–எஃப்6, ஜி6–ஏ6, கடைசியில் பி6–சி7. ஷார்ப், ஃப்ளாட் மணிகள் அந்தந்த எழுத்துக்காரரின் முன்னால் மேசை ஃபோமின் மேல் இருக்கும். தேவைப்படும்போது கையில் இருப்பதை வைத்துவிட்டு அதை எடுப்பார்கள். இந்த வரிசையைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி, நீ உட்காரும் இடத்துக்கு எதிரே ஒட்டிக்கொள். எழுதுகிற ஒவ்வொரு சுரத்துக்கும் அங்கே ஓர் ஆள் நிற்பது உன் கண்ணில் படவேண்டும்.

ஆளுக்கு இரண்டு மணி என்ற பழக்கம் இங்கிலாந்துக் கோபுர மணிக்காரர்களிடமிருந்து வந்தது. குளிரில் கோபுரம் ஏறாமல், கையடக்க மணிகளை வைத்து அறைக்குள் பயிற்சி செய்தவர்கள் அவர்கள். வில்ட்ஷரில் ஆல்ட்போர்ன் ஊரில் கோர் குடும்பத்தார் 1700-களின் தொடக்கத்தில் இப்படி மணிகள் வார்த்தார்கள். பாஸ்டனின் மார்கரெட் ஷர்க்லிஃப் 1902-ல் லண்டனிலிருந்து, வைட்சாப்பல் பட்டறையில் வார்த்த மணிகளோடு ஊர் திரும்பினார். 1954-ல் அமெரிக்க ஹேண்ட்பெல் ரிங்கர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானபோது அவர்தான் முதல் தலைவர். அமெரிக்க சர்ச்சுகளில் இன்று இவ்வளவு மணிக்குழுக்கள் இருப்பதற்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம்.

எந்த மெட்டு

முதல் முயற்சிக்கு 'நியூ பிரிட்டன்' எடுத்துக்கொள். 'அமேசிங் கிரேஸ்' பாடுகிறோமே, அந்த மெட்டு. சொற்கள் ஜான் நியூட்டனுடையவை. இங்கிலாந்தில் 1779-ல் 'ஓல்னி ஹிம்ஸ்' தொகுப்பில் அச்சானவை. மெட்டு அமெரிக்காவில் புழங்கியது. இரண்டையும் சேர்த்து 1835-ல் வில்லியம் வாக்கர் தன் 'சதர்ன் ஹார்மனி'யில் போட்டார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இது மணிக்கென்றே அளவெடுத்தது மாதிரி அமைந்த மெட்டு. ஏன் என்று கையோடு பார்த்துவிடுவோம்.

ஜி மேஜரில் எழுது. மெட்டு முழுக்க ஆறே மணிக்குள் அடங்கிவிடும்: டி5, இ5, ஜி5, ஏ5, பி5, டி6. உனக்குப் பாட்டு வகுப்பு ஞாபகம் இருக்கும். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் ச, ரி, க, ப, த, அதாவது மோகனத்தின் சுரங்கள். ம-வும் நி-யும் இல்லை. அதனால் அரைச்சுர இடைவெளி எங்கேயும் இல்லை. ஒரு மணியின் ஒலி அடுத்ததன் மேல் கொஞ்சம் படிந்தாலும் காது சுளிக்காது. ஹேண்ட்பெல்லுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இப்போது சுவரில் ஒட்டிய தாளைப் பார். டி5–இ5 ஒருவரிடம். ஜி5 அடுத்தவரிடம். ஏ5–பி5 மூன்றாமவரிடம். டி6 நான்காமவரிடம். முழு மெட்டும் நாலே பேர் கையில். இரண்டாவது பாதியில் மேல் டி-க்கும் பி-க்கும் இடையே மெட்டு போய்வரும் இடம் உட்பட, எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் கைமாற்றிக்கொள்வதுதான். மூன்றாவது தட்டில் வரும் பி–ஜி என்ற சின்ன அசைவை மட்டும் மெதுவாகப் பழக வை. ஏ5–பி5 ரிங்கர் பி-யை அடித்து, ஜி-க்காரர் அடித்ததும் மறுபடி அதே பி-க்குத் திரும்ப வேண்டும். மணிக்கட்டு முன்னால் போய்ப் பின்னால் வர இடம் வேண்டும். வேகம் கூடினால் இந்த இடம்தான் முதலில் தடுமாறும். மொத்தப் பாட்டின் வேகத்தையும் இந்த ஒரு அசைவை வைத்தே முடிவு செய்.

மெட்டு இருக்கும் வீட்டுக்குள் துணைச் சுரங்களை அனுப்பாதே என்பது அடுத்தது. ஒரு செட்டில் டி5 ஒன்றுதான் உண்டு. அடியில் நீண்ட டிரோனாக டி5-ஐ வைத்தாய் என்றால், மெட்டு டி5-க்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்த மணியை மறுபடி அடித்தாக வேண்டும். டிரோன் உடையும், மெட்டும் தெளிவாகக் கேட்காது. ஆகவே டி5 முதல் டி6 வரை மெட்டுக்கு மட்டும். துணை எல்லாம் அதற்குக் கீழே, அல்லது மேலே.

டிரோனுக்கு ஜி4 ஒன்றே போதும், இரண்டு பாருக்கு ஒருமுறை. மெலிந்துவிடுமோ என்று பயப்படாதே. ஆங்கில ஹேண்ட்பெல்லை வார்த்துச் சுருதி சேர்ப்பவர்கள், அதன் சொந்தச் சுரத்தோடு பன்னிரண்டாவது சுரமும், அதாவது ஒரு ஆக்டேவும் அதன் மேல் ஒரு பஞ்சமமும், நன்றாகக் கேட்கும்படிதான் சேர்க்கிறார்கள். ஜி4-ஐ அடித்தால் அதற்குள்ளிருந்து டி6 வரும். நீ எழுதாத பஞ்சமத்தை மணியே கொடுக்கிறது.

எதை எடுத்துவிடுவது

இந்த அக்காவிடமிருந்து நீ ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வாய் என்றால், இதை எடுத்துக்கொள்: பாமாலைப் புத்தகத்தில் இருக்கும் நாலு குரலையும் அப்படியே மணிக்கு இறக்காதே. அது பாடகர்களுக்காக எழுதியது. பாடகர் மூச்சை நிறுத்தினால் சுரம் நின்றுவிடும். மணி நிற்காது, யாராவது அதன் விளிம்பைத் தோளில் சாய்த்து அமர்த்தும் வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். தட்டுக்கு ஒரு கார்ட் மாறும் பாமாலையை அப்படியே அடித்தால், 11 பேரும் அடிக்க, அமர்த்த, அடிக்க, அமர்த்த என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். கேட்பவருக்கு மெட்டு எது, துணை எது என்று பிரியாது.

கீழ்ப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சி4-ம் இ4-ம் சேர்த்து அடிப்பதாக வைத்துக்கொள். பியானோவில் இனிமையான மேஜர் தேர்ட். மணியில் என்ன ஆகும்? சி4 தன்னோடு ஜி5-ஐக் கொண்டுவரும். இ4 தன்னோடு பி5-ஐக் கொண்டுவரும். இரண்டே மணி அடித்தாய், காதில் விழுவது சி, இ, ஜி, பி என்று நாலு சுரம். அந்த பி, சி-யோடு உரசுகிறது. மணி பெரிதாக ஆக இந்த ஒலி நீளமாக நிற்கும், கலங்கலாகத் தெரியும். சி4-ம் ஜி4-ம் அடித்தால் கூட வருவது ஜி5-ம் டி6-ம். உரசல் இல்லை. அதனால் சி5-க்குக் கீழே தனிச் சுரம், ஆக்டேவ், பஞ்சமம், இவற்றோடு நிறுத்திக்கொள். தேர்ட் வேண்டுமானால் மேலே ஏற்று. அங்கே மணிகள் சின்னவை, ஒலி சீக்கிரம் அடங்கும், இனிமையாகவே இருக்கும்.

இது மணிக்காக நாம் செய்யும் சமரசம் என்று நினைக்காதே. 'சதர்ன் ஹார்மனி'யையோ 1844-ல் ஜார்ஜியாவில் தொகுத்த 'சேக்ரட் ஹார்ப்'பையோ எடுத்துப் பார். மெட்டு டெனர் குரலில் இருக்கும். வரி முடிவுகளில் தேர்டே இல்லாத வெறும் பஞ்சமங்கள் நிறைய இருக்கும். அந்த மக்கள் பாடிய முறையே அதுதான். பிற்காலப் புத்தகங்கள்தான் அவற்றுக்கு மெத்து மெத்தென்று கார்ட் சேர்த்தன. ஆக, நீ சுரங்களைக் குறைக்கக் குறைக்க மணிக்கும் நல்லது, மெட்டின் பழைய குரலுக்கும் பக்கத்தில் போகிறாய். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

நடைமுறையில் இப்படிச் செய். மெட்டை மட்டும் எழுது. அதன் கீழே ஒவ்வொரு வரிக்கும் தவிர்க்கவே முடியாத பாஸ் சுரங்களை மட்டும் போடு. பாருக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு பாருக்கு ஒன்று. அதைக் குழுவிடம் ஒருமுறை அடிக்கச் சொல்லிக் கேள். எங்கே நிஜமாகவே காலியாக இருக்கிறதோ அங்கே மட்டும் ஒரு சுரம் சேர். பெரும்பாலும் வரி முடிவில், மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில்தான் அந்தக் காலி இருக்கும். அங்கே டி6-க்கு மேலுள்ள சின்ன மணிகளில் இரண்டு மூன்று சுரம் பதில் சொல்லட்டும்.

அமர்த்துவதையும் எழுது

ஹேண்ட்பெல் தாளில் ஓய்வுக் குறி என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை; மணியை அமர்த்து என்று அர்த்தம். அது ஒரு செயல். அதனால் அரை நோட்டா கால் நோட்டா என்பதில் அலட்சியமாக இருக்காதே. நீ ஒரு தட்டு கூடுதலாக எழுதினால் ஒருவர் ஒரு தட்டு கூடுதலாக ஒலிக்கவிடுவார்.

எல்.வி. என்று எழுதினால் அமர்த்தாமல் ஒலிக்கவிடு என்று பொருள்; ஆர் என்று வரும்போது வழக்கமான அமர்த்தலுக்குத் திரும்புவார்கள். புதிதாக எழுதுகிறவர்கள் எல்.வி.-யின் அழகில் மயங்கிப் பக்கம் முழுக்கப் போட்டுவிடுவார்கள். அழகுதான், ஆனால் இடம் அறிந்து போட வேண்டும். 'நியூ பிரிட்டன்' மாதிரி ஐந்து சுர மெட்டில் முன்னிசைக்கு நாலு பார் எல்.வி. போடு, பனி மாதிரி பரவி நிற்கும். பாஸ் மாறும் இடத்தில் ஆர் போட்டுத் துடைத்துவிடு. ஏழு சுரமும் படிப்படியாக ஏறி இறங்கும் மெட்டில் எல்.வி. போட்டால் அரைச்சுரங்கள் ஒன்றோடொன்று மோதும். அங்கே வேண்டாம்.

மணி மாற்ற நேரம் கொடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். எஃப்-ஐ வைத்துவிட்டு எஃப் ஷார்ப்பை எடுக்க வேண்டும் என்றால் அமர்த்த வேண்டும், சத்தமில்லாமல் ஃபோமில் வைக்க வேண்டும், அடுத்ததைப் பிடிக்க வேண்டும், கையை அடிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நிதானமான வேகத்தில் ஒரு பார் முழுக்க அந்தக் கைக்கு வேலை தராமல் விடு. நீயே ஒரு டம்ளரை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தால் புரிந்துவிடும்.

கடைசிச் சரணத்தில் அரைச்சுரம் ஏற்றிப் பாடும் பழக்கத்தை மணியில் கொண்டுவராதே. ஜி-யிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்குப் போனால் சி, ஜி என்ற இரண்டு எழுத்தைத் தவிர மற்ற ஐந்தும் மாறும். மேசை முழுக்க ஒரே பரபரப்பு. ஜி-யிலிருந்து சி-க்குப் போனால் எஃப் ஷார்ப் மட்டும் எஃப் ஆகிறது. டி-க்குப் போனால் சி மட்டும் சி ஷார்ப் ஆகிறது. ஒரு முழுச்சுரம் ஏற்றியே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால் எஃப்-ல் தொடங்கி ஜி-க்குப் போ: பி ஃப்ளாட் பி ஆகும், எஃப், எஃப் ஷார்ப் ஆகும், அவ்வளவுதான். நடுவில் நாலு பார் இடைவெளி வைத்து, மாற்ற வேண்டியவர்களுக்கு அந்த நாலு பாரிலும் அடிக்க எதுவும் தராதே.

ஆரம்பச் சுருதியைத் தேர்வதிலும் இன்னொரு கணக்கு உண்டு. கடைசிச் சரணத்தில் மெட்டை ஒரு ஆக்டேவ் மேலே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், மூன்று ஆக்டேவ் செட்டில் 'நியூ பிரிட்டன்'-ஐ எஃப்-ல் எழுது. சி5 முதல் சி6 வரை இருந்த மெட்டு சி6 முதல் சி7 வரை போய் நிற்கும். செட்டின் கடைசி மணி அதுதான், சரியாகப் பொருந்தும். ஜி-யில் எழுதியிருந்தால் டி7 வேண்டும். அது உன் பெட்டியில் இல்லை. மேலே போகும்போது கீழே உள்ள ஆக்டேவையும் சேர்த்தே அடிக்க வை. உச்சி மணிகள் தனியாக நின்றால் கிணுகிணுப்பு மட்டும் கேட்கும், மெட்டு கேட்காது.

மற்ற நாட்டுப்புற மெட்டுகளுக்கு வந்தால் அந்தந்த மெட்டின் குணத்தைப் பார்த்து நடந்துகொள். 'கிங்ஸ்ஃபோல்ட்' என்று ஒன்று இருக்கிறது. சசெக்ஸில் அந்தப் பெயருள்ள ஊரில் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் கேட்டு, 1906-ன் 'இங்கிலீஷ் ஹிம்னல்'-ல் சேர்த்தது. இ மைனரில் வரும். ஹார்மனி பாடத்தில் மைனர் என்றால் ஏழாவது சுரத்தை ஏற்று என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே ஏற்றாதே. டி, டி-யாகவே இருக்கட்டும். டி ஷார்ப் போட்டால் நாட்டுப்புறத்தான் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற தோற்றம் வந்துவிடும். டி-க்காரருக்கு மணி மாற்றும் வேலையும் சேரும். 'வொண்ட்ரஸ் லவ்'-ம் அப்படித்தான். டோரியன் என்பார்கள், நம் கரஹரப்பிரியா சுரங்கள். அதன் நி-யைத் தொடாதே.

'ஸ்லேன்' அயர்லாந்து மெட்டு, பி. டபிள்யூ. ஜாய்ஸ் 1909-ல் அச்சிட்ட தொகுப்பில் இருக்கிறது. அதன் நாலு வரியும் நாலு விதம், ஒரு வரியும் திரும்ப வராது. முதல் தடவை எந்த அலங்காரமும் இல்லாமல் முழு மெட்டையும் கேட்கவிடு. இல்லாவிட்டால் கேட்பவருக்குப் பிடிமானம் இருக்காது. மெட்டின் வீச்சும் அகலம். நிறைய ரிங்கர்களுக்கு அதில் பங்கு வரும், துணைக்குக் கை அதிகம் மிஞ்சாது. ஆரம்பக் குழுவுக்கு இதைக் கொடுக்க நான் யோசிப்பேன். 'நெட்டில்டன்' நேர் எதிர். 1813-ல் ஜான் வையத்தின் தொகுப்பில் வந்தது. முதல் வரியே இரண்டாவது வரி, அதுவே நாலாவதும். ஒரு சரணத்தில் மூன்று தடவை அதே இசை கேட்கும் என்பதால், துணையை மாற்றத் தைரியமாக இடம் எடுத்துக்கொள்ளலாம்.

துணையை மாற்ற மணியிலேயே பல குரல் உண்டு. மணியைப் படுக்கவைத்து நாக்கை விரலால் சுண்டினால் ப்ளக். விளிம்பில் கட்டைவிரல் வைத்து அடித்தால் தம்ப் டேம்ப், உலர்ந்த ஒலி. ஃபோமில் மணியை இறக்கி அடித்தால் மார்ட்டெல்லாட்டோ. மேசையில் இருக்கும் பெரிய மணியை மேலட் கொண்டு தட்டினால் விட்டு விட்டு வரும் பாஸ். விடாமல் குலுக்கினால் ஷேக்; மேல் மணிகளில் நீண்ட சுரத்தைத் தாங்கும், பெரிய மணிகளில் எடுபடாது. ஒரு சரணத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள். ஐந்தையும் ஒரே பாட்டில் கொட்டினால் மெட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். மேலட்டை மணியின் அளவுக்குத் தகுந்ததாக எடுக்கச் சொல். கடினமான மேலட்டால் ஓங்கித் தட்டினால் வெண்கலம் தாங்காது.

சபை கூடப் பாடப்போகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். பாடினால் மணிகள் மெட்டை அடிக்க வேண்டாம்; ஆர்கன் அதைப் பார்த்துக்கொள்ளும். மணிக்கு முன்னிசை, சரணங்களுக்கு நடுவே இடையிசை, கடைசிச் சரணத்தில் மேலே ஒரு தனி வரி, இவ்வளவு போதும். சுருதியையும் பாடுகிறவர்கள் வசதிக்கு விட்டுக்கொடு.

ஆள் குறைவு என்றால் கவலைப்படாதே. ஆறு பேர்தான் வருகிறார்கள் என்றால் 12 மணிக்கு எழுது. 'நியூ பிரிட்டன்' ஜி-யில் மெட்டுக்கு ஆறு மணி. மீதி ஆறுக்கு ஜி4, சி5, எஃப் ஷார்ப்5, சி6, இ6, ஜி6 எடுத்துக்கொண்டால் துணைக்குத் தேவையானது எல்லாம் வந்துவிடும். எஃப் ஷார்ப்5, சி6 இரண்டும் மெட்டின் எல்லைக்குள் இருந்தாலும் மெட்டு அவற்றைத் தொடாது, அதனால் இங்கே மட்டும் பரவாயில்லை. 11 பேருக்கு எழுதிவிட்டு ஆள் இல்லாத மணிகளை விட்டுவிட்டு அடிப்பதைவிட, வந்திருக்கும் ஆறு பேருக்கென்று எழுதியது எவ்வளவோ மேல்.

நம் தமிழ்க் கீர்த்தனையை மணியில் போடலாமா என்று நிச்சயம் கேட்பாய். சிங்கப்பூரில் பள்ளிக் குழுக்களில் மணியடிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வரும். கமகம் மணியில் வராது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழியில்லை. வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனைகளில் பல, வழுக்கலை எடுத்துவிட்டால் ஆளே மாறிவிடும். அதை நான் செய்ய மாட்டேன். சுரங்கள் தனித்தனியாக நிற்கும் மெட்டு, மோகனம் மாதிரி ஐந்து சுர ராகம், மெதுவான நடை, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகச் செய்.

தாளில் கவனிக்க வேண்டியவை

மிடில் சி இடத்தில் எழுதும் சி5-ம் அதற்குக் கீழே உள்ளவையும் பாஸ் ஸ்டாஃபில், டி5 முதல் மேலே எல்லாம் ட்ரெபிளில். இதை நடுவில் மாற்றாதே. பி4–சி5 ரிங்கர் தன் இரண்டு சுரத்தையும் பாஸ் ஸ்டாஃபிலேயே தேடுவார். ஒரு சி5 திடீரென்று மேலே போய்விட்டால் அவர் கண்ணில் படாது.

ஒரே மணியை ஓர் இடத்தில் ஜி ஷார்ப் என்றும் அடுத்த வரியில் ஏ ஃப்ளாட் என்றும் எழுதாதே. பியானோவில் ஒரே கட்டை. இங்கே ஜி ஷார்ப் என்றால் ஜி-க்காரர் கை நீட்டுவார், ஏ ஃப்ளாட் என்றால் ஏ-க்காரர் நீட்டுவார். எழுத்தை வைத்தே ஆள் தீர்மானமாகிறது. இரண்டு பேரும் எடுக்கப் போவார்கள், அல்லது இரண்டு பேரும் எடுக்க மாட்டார்கள்.

முதல் பக்கத்தின் தலையில், பாட்டில் வரும் எல்லா மணிகளையும் ஒரு ஸ்டாஃபில் வரிசையாக எழுதிவிடு. மேசை அடுக்குகிறவர் அதைப் பார்த்துத்தான் அடுக்குவார். ஒவ்வொரு பாருக்கும் எண் போடு. பக்கம் திருப்பும் இடத்தை யோசித்து வை; இரண்டு கையிலும் மணி இருக்கிறவரால் தாளைத் திருப்ப முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம், பக்கத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்காவது அங்கே இரண்டு பார் ஓய்வு இருந்தால் சமாளித்துக்கொள்வார்கள்.

மெட்டு பழசு என்பதால் எல்லாமே பொதுச்சொத்து என்று நினைத்துவிடாதே. புத்தகத்தில் இருக்கும் ஹார்மனி வேறொருவர் எழுதியதாக இருக்கலாம், அதற்கு உரிமை இருக்கலாம். வான் வில்லியம்ஸ் 1958-ல் இறந்தார். பிரிட்டனில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை என்பதால் அவருடைய வேலைப்பாடு அங்கே 2028 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் 1906-ன் புத்தகம் எப்போதோ பொதுவாகிவிட்டது. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு துணையை நீயே எழுதினால் இந்தத் தலைவலியே இல்லை, அதுதான் உனக்கு நல்ல பயிற்சியும்.

எழுதி முடித்ததும் குழுவிடம் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு ரிங்கராக எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அவருடைய இரண்டு மணியை மட்டும் பின்தொடர்ந்து போ. நீயே எழுந்து நின்று, இரண்டு கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடி, அமர்த்து, வை, எடு. எந்த இடத்தில் உன் கை திணறுகிறதோ அங்கே அவர் கையும் திணறும். யாருக்காவது பாட்டு முழுக்க மூன்றே சுரம்தான் வருகிறது என்றால் அதையும் இப்போதே கவனி. ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவரை மூன்று சுரத்துக்காக நிற்க வைக்கக் கூடாது. வரி முடிவுப் பதில்களில் ஒன்றை அவருக்குக் கொடு.

தாளை அச்சடிக்கும்போது ஸ்டாஃபுகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடு. இடது கைக்கு ஒரு நிறம், வலது கைக்கு ஒரு நிறம் என்று ஒவ்வொருவரும் தங்கள் சுரங்களைக் குறித்துக்கொள்வார்கள். மணி மாற்றும் இடத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். முதல் ஒத்திகைக்கு நிறப் பென்சில் ஒரு டப்பா நீயே வாங்கிக்கொண்டு போ. அன்றைக்கு முதல் அரை மணி நேரம் மணியைத் தொடாமல் குறிப்பதற்கே கொடுத்துவிடு.